மழைக்கால விடுமுறையில் வரைந்த தீவு

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று குழந்தைகளைக் கேட்கும் பெரியவர்கள், பெரும்பாலும் விடையைத் தாங்களே தீர்மானித்துவிட்ட பிறகுதான் கேட்கிறார்கள். பயணச்சீட்டுக்கான பணம் அவர்களிடம் இருப்பதால் அது இயல்பே. ஆனால் உலகில் எங்குமே இல்லாத ஓர் ஊருக்குப் பயணம் திட்டமிடும்போது முடிவெடுக்கும் உரிமை யாருடையது? இக்கேள்வியை எழுப்பும் நிகழ்ச்சி ஒன்று இலக்கிய வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 'புதையல் தீவு' என்று தமிழில் நாம் அறிந்த, ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவல் பிறந்த கதை அது.

1881-ஆம் ஆண்டு கோடையின் பிற்பகுதியில் ஸ்டீவன்சன் குடும்பத்தினர் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் உள்ள பிரேமார் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார்கள். ஸ்டீவன்சனுக்கு வயது 30. மனைவி ஃபேன்னி, அவருடைய முதல் மணத்தில் பிறந்த மகன் லாயிட் ஆஸ்போர்ன், ஸ்டீவன்சனின் பெற்றோர் ஆகியோர் உடனிருந்தனர். லாயிடுக்கு 13 வயது, பள்ளி விடுமுறை. ஆனால் மழை விடவில்லை, குளிர்காற்றும் ஓயவில்லை. நெஞ்சுநோய்க்காரரான ஸ்டீவன்சன் வீட்டிலேயே அடைபட்டுக் கிடந்தார். சிறுவனுக்கு ஒரு மலிவான வண்ணப்பெட்டிதான் துணை. அப்படி ஒரு நாளில்தான் அந்தத் தீவு தாளில் உருவாயிற்று.

அதை வரைந்தவர் யார் என்பதில் இரண்டு சாட்சியங்கள் இருக்கின்றன. சிறுவனோடு சேர்ந்து படம் வரைந்து பொழுதுபோக்கிய ஒரு நாளில் தானே அந்தத் தீவை வரைந்து வண்ணம் தீட்டியதாக, 1894-இல் வெளிவந்த தன் முதல் நூல் பற்றிய கட்டுரையில் ஸ்டீவன்சன் எழுதினார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் லாயிட் வேறுவிதமாக நினைவுகூர்ந்தார். தீவை வரைந்துகொண்டிருந்தவன் தான்தான். உள்ளே வந்த ஸ்டீவன்சன் குனிந்து பார்த்து, மலைகளுக்கும் துறைகளுக்கும் பெயர் சூட்டத் தொடங்கினார். புதையல் இருக்குமிடத்தில் குறியிட்டார். இறுதியில் தாளைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தன் வரைபடம் கைநழுவிப் போனபோது ஏற்பட்ட சிறு ஏமாற்றத்தையும் லாயிட் மறக்காமல் குறிப்பிடுகிறார்.

இவ்விரண்டில் எது உண்மை என்று இன்று தீர்ப்பளிக்க இயலாது. ஆனால் அடுத்து நடந்தவற்றில் சந்தேகமில்லை. ஸ்டீவன்சன் நாளுக்கோர் அத்தியாயமாக எழுதினார். எழுதியதைக் குடும்பத்தினருக்கு வாசித்துக் காட்டினார். கதையின் முதல் சட்டத்தை இயற்றியவன் சிறுவன். பெண்கள் கூடாது என்பது லாயிடின் கட்டளை என்று நண்பர் ஹென்லிக்கு அந்த ஆகஸ்டில் எழுதிய கடிதத்தில் ஸ்டீவன்சன் மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறார். கதாநாயகனின் தாயைத் தவிர அந்நாவலில் பெண்களுக்கு அநேகமாக இடமில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

எதிர்பாராத இன்னொரு சிறுவனும் அந்த வீட்டில் அகப்பட்டார். ஸ்டீவன்சனின் தந்தை தாமஸுக்கு அப்போது வயது 63. கலங்கரை விளக்கங்கள் கட்டிய பரம்பரையில் வந்த பொறியாளர். மகன் குலத்தொழிலைக் கைவிட்டு எழுத்தை நாடியது அவருக்குப் பெரும் வருத்தம். ஆனால் கப்பல்களும் கொள்ளையரும் சாலையோர விடுதிகளும் நிறைந்த கதைகளை இரவுதோறும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உறங்குவது அவரது வாழ்நாள் வழக்கம். பில்லி போன்ஸ் என்ற மாலுமியின் பெட்டியைத் திறக்கும் கட்டம் வந்தபோது, அதனுள் என்னென்ன இருக்கவேண்டும் என்று ஒரு பகலின் பெரும்பகுதியைச் செலவிட்டு அவர் பட்டியல் தயாரித்தார். மகன் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். ஃப்ளின்ட்டின் பழைய கப்பலுக்கு 'வால்ரஸ்' என்ற பெயரும் தாமஸ் கேட்டு வைத்ததே. நீண்ட காலம் மனத்தாங்கலோடு வாழ்ந்த தந்தையும் மகனும், இல்லாத ஒரு பயணத்துக்கு மூட்டை கட்டுகையில் ஒன்றுகூடினார்கள் என்பதே இவ்வரலாற்றில் என்னை மிகவும் நெகிழச் செய்யும் செய்தி.

ஏறத்தாழ பதினைந்து அத்தியாயங்களுக்குப் பிறகு கதை நின்றுபோயிற்று. ஸ்விட்சர்லாந்தின் டாவோஸில்தான் ஸ்டீவன்சன் அதை முடித்தார். 1881 அக்டோபர் முதல் 1882 ஜனவரி வரை 'யங் ஃபோக்ஸ்' இதழில் தொடராக வந்த கதை, 1883-இல் காஸெல் பதிப்பகத்தின் நூலாயிற்று. அதற்காக அனுப்பிய வரைபடம் போய்ச்சேரவில்லை. எனவே நாவலை மீண்டும் படித்து, இடக்குறிப்புகளையெல்லாம் தொகுத்து, கவராயம் கொண்டு புதிதாக வரையவேண்டியதாயிற்று. தந்தையின் அலுவலகத்தில் அவ்வேலை நடந்தது. கேப்டன் ஃப்ளின்ட்டின் கையொப்பத்தைத் தாமஸே போலியாக இட்டுக் கொடுத்தார். திமிங்கிலங்களும் பாய்க்கப்பல்களும் சேர்ந்து அழகாகவே அமைந்தது. ஆயினும் அது தன் தீவாக ஒருபோதும் தோன்றவில்லை என்று ஸ்டீவன்சன் எழுதினார். முதல் வரைபடத்திலிருந்து கதை பிறந்தது. இரண்டாவது, கதைக்குக் கணக்குப் பார்த்துத் தைத்த சட்டை. பிள்ளைகளின் விடுமுறையை மணிக்கணக்காகப் பிரித்து அட்டவணை போடும் நாமும் இந்த வேறுபாட்டைச் சற்று யோசிக்கலாம்.

நூலை ஸ்டீவன்சன் லாயிடுக்கே காணிக்கையாக்கினார். அவனுடைய ரசனைக்கு ஏற்பவே கதை அமைக்கப்பட்டது என்றும் அதில் குறிப்பிட்டார். சட்டைப்பைக்குள் போன வரைபடத்துக்கு அது ஈடாகுமா என்று தெரியவில்லை. ஆனால் கணக்கு அத்துடன் முடியவில்லை. தாமஸ் 1887-இல் காலமானார். மறு ஆண்டு ஜூன் மாதம் ஸ்டீவன்சன், அவர் தாய், ஃபேன்னி, 20 வயதாகியிருந்த லாயிட் ஆகியோர் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'காஸ்கோ' என்ற பாய்க்கப்பலில் ஏறி, பசிபிக் பெருங்கடலின் மார்க்கேசாஸ் தீவுகளுக்குப் புறப்பட்டார்கள். ஸ்டீவன்சன் அதன்பின் ஸ்காட்லாந்துக்குத் திரும்பவே இல்லை. 1894 டிசம்பரில் சமோவா தீவில் இறந்தார். அங்கேயே ஒரு மலையுச்சியில் அடக்கம் செய்யப்பட்டார்.

மழைநாளில் சிறுவனும் அவரும் குனிந்து பார்த்த தாளிலும் ஒரு தீவும் ஒரு மலையும் இருந்தன. அன்று அதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவைக்காத ஒரு பெரியவர் அவ்வீட்டில் இருந்தார். வரைபடத்தைச் சிறுவனிடமே திருப்பிக் கொடுத்திருந்தால் அவர் இன்னும் பெரியவராகியிருப்பார். ஒருவேளை நமக்கு அந்த நாவல் கிடைக்காமலும் போயிருக்கும்.