இரட்டைக் குழாயும் ஒற்றைக் குழாயும்

சத்தியமங்கலத்தில் நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறையில், சென்ற ஆண்டு ஒரு மாலை, மெக்கானிக் இரண்டு ஷாக் அப்சார்பர்களைத் தரையில் நிறுத்தி வைத்தார். ஒன்று என் எஸ்யூவியின் பின்பக்கத்திலிருந்து அப்போதுதான் கழற்றியது. மற்றது அதற்குப் பதிலாகப் போட வாங்கி வந்தது. "ரெண்டையும் ஒருதரம் அமுக்கிப் பாருங்ணா" என்றார். புதியதன் கம்பியை உள்ளங்கையால் அழுத்தினேன், சிரமம் இல்லாமல் இறங்கியது. கையை எடுத்ததும் மெல்ல மேலே வந்தது. கழற்றியதை அழுத்துவதற்கு உடம்பின் பாரத்தையே அதன்மேல் போட வேண்டியிருந்தது. விட்டவுடன் கையைத் தள்ளிக்கொண்டு எழும்பியது.

புதியது இரட்டைக் குழாய், குறைந்த அழுத்தத்தில் வாயு அடைத்தது. பழையது ஒற்றைக் குழாய், உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்தது. விலையில் பழையதுதான் கூடுதல், ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதைக் கழற்றிவிட்டு மலிவானதைப் போடுகிறேன் என்றதும் பட்டறையில் நின்ற இன்னொருவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அவர் பார்வையில் தவறில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

காரணம் அம்மா. முதுகுத்தண்டு வட்டு தேய்ந்தவர். மாதம் ஒருமுறை புளியம்பட்டி, அன்னூர் வழியாகக் கோவைக்கு மருத்துவரிடம் அழைத்துப் போவேன். எங்கள் ஊரைச் சுற்றி நல்ல சாலை என்பதே பாதிக்கு ஒட்டுப்போட்ட தார்தான். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடம், ஊருக்கு ஊர் வேகத்தடை, ஓரம் உடைந்த தார் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். "வண்டி தூக்கித் தூக்கிப் போடுது கண்ணு" என்று அம்மா சொன்னபோது, நம் சக்திக்கு எட்டிய உயர்ந்த ஷாக்கைப் போட்டுவிடுவோம் என்று ஒற்றைக் குழாயைப் போட்டேன். தூக்கிப் போடுவது நின்றது. அடுத்த மாதம் அம்மா வேறு குறை சொன்னார். "இப்ப தூக்கிப் போடல, ஆனா கல்லு மேல உக்காந்து போற மாதிரி இருக்குது."

அந்த இரண்டு வாக்கியங்களும் இரண்டு வேறு நோய்களைச் சொல்கின்றன என்பது எனக்குப் புரியவே வெகுநாள் ஆயிற்று.

வண்டியின் எடையைத் தாங்குவது ஷாக் அல்ல, ஸ்பிரிங். பொலேரோவின் பின்பக்கம் போலப் பட்டையாக இருக்கலாம், காயிலாக இருக்கலாம். அமுங்கிய ஸ்பிரிங் எழும்பும், எழும்பியது மறுபடி அமுங்கும். ஆட்டத்தை நிறுத்த அதற்குத் தெரியாது. அந்த ஆட்டத்தின் சக்தியை எண்ணெய்க்குள் சூடாக மாற்றி அடக்குவதே ஷாக்கின் வேலை. பிஸ்டனில் இருக்கும் சிறு துளைகள் வழியாகவும், மெல்லிய எஃகுத் தகடுகளை வளைத்துக்கொண்டும் எண்ணெய் பாய்கிறது. எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு எதிர்க்கும். ஆகவே பட்டறையில் கையால் அமுக்கிப் பார்த்தபோது நான் உணர்ந்தது ஷாக்கின் அடக்கும் திறனை அல்ல. கை போகும் வேகத்துக்கு அது ஏறக்குறைய தெரியவே தெரியாது. உணர்ந்தது உள்ளே அடைபட்ட வாயுவின் அழுத்தத்தை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பியின் விட்டம் 14 மில்லிமீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். இரட்டைக் குழாயில் வாயு அழுத்தம் 5 பார் என்று கொண்டால், கம்பியை வெளியே தள்ளும் விசை சுமார் 8 கிலோ. ஒற்றைக் குழாயில் 25 பார் என்றால் சுமார் 39 கிலோ. அந்த 39 கிலோவைத்தான் அன்று என் உள்ளங்கை சுமந்தது.

ஒற்றைக் குழாய்க்கு ஏன் அவ்வளவு அழுத்தம் என்பதற்கு அதன் உடற்கூறுதான் பதில். கம்பி உள்ளே வரும்போது அதன் பருமனுக்குச் சமமான எண்ணெய் எங்காவது ஒதுங்கியாக வேண்டும், ஏனென்றால் எண்ணெய் சுருங்காது. இரட்டைக் குழாயில் பிஸ்டன் ஓடும் உட்குழாயைச் சுற்றி இன்னொரு குழாய் இருக்கிறது. அடியில் உள்ள வால்வு வழியாக எண்ணெய் அங்கே ஒதுங்கும். அந்த வெளிக்குழாயின் மேற்பாதியில்தான் வாயு. எண்ணெயும் வாயுவும் ஒரே அறையில், நடுவே தடுப்பு இல்லாமல் குடியிருக்கின்றன. ஒற்றைக் குழாயில் வெளிக்குழாய் கிடையாது. குழாயின் ஒரு முனையில் நைட்ரஜன், அதற்கும் எண்ணெய்க்கும் இடையே மிதக்கும் ஒரு பிஸ்டன். கம்பி உள்ளே வந்தால் மிதக்கும் பிஸ்டன் நகர்ந்து இடம் விடும். வேகமாக அமுங்கும்போதும் முக்கிய பிஸ்டனுக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகிக் குமிழி கிளம்பாதிருக்க வேண்டும் என்பதால் உயர் அழுத்தம் தேவைப்படுகிறது.

இந்த அமைப்பை வகுத்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் கிறிஸ்டியன் பூர்சியே டி கார்போன். 1957-இல் ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்காக இதைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கியது. வேகச் சாலைகளில் ஓடும் கார்களுக்காக வளர்ந்த பொருள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அதன் குணம் எளிதில் விளங்கும்.

அதன் பெரும் பலம் சூட்டைத் தாங்குவது. நீண்ட நேரம் வேகமாக, பாரத்தோடு மோசமான சாலையில் போனால் ஷாக்கைத் தொட முடியாத அளவுக்குச் சூடேறும். எண்ணெய் நீர்த்துப்போகும். இரட்டைக் குழாயாக இருந்தால் வெளிக்குழாயில் வாயுவும் எண்ணெயும் குலுங்கி நுரைக்கலாம். நுரை துளை வழியாகப் போகும்போது எதிர்ப்பு இல்லை. ஓட்டுபவருக்கு வண்டி மிதப்பது போலத் தோன்றும், திருப்பத்தில் பின்பக்கம் அலையும். சிறிது நேரம் நிறுத்தி ஆறவிட்டால் சரியாகும், மறுபடி ஓடினால் மறுபடி வரும். ஒற்றைக் குழாயில் எண்ணெய் வேலை செய்யும் சுவரே வெளிக்காற்றைத் தொடுகிறது, சூடு உடனே வெளியேறுகிறது. தடுப்பு இருப்பதால் நுரையும் இல்லை. ஒரே வெளிச்சுற்றளவுக்குள் பெரிய பிஸ்டன் வைக்கவும் இடம் கிடைக்கிறது. சாய்த்தோ தலைகீழாகவோ மாட்டினாலும் ஓடும். இரட்டைக் குழாயை ஓரளவு சாய்க்கலாம், தலைகீழாக மாட்ட முடியாது.

இந்த வகையில் ஒற்றைக் குழாய்க்கு நிகரில்லை. ஆனால் சொகுசு என்று நாம் சொல்வது எங்கே உண்டாகிறது?

காரின் உடல் ஸ்பிரிங்கின் மேல் நொடிக்கு ஒன்று, ஒன்றரைத் தடவை என்று மேலும் கீழும் ஆடும். அம்மா முதலில் சொன்ன "தூக்கிப் போடுறது" இந்த ஆட்டம். சக்கரம் தன்பாட்டுக்கு நொடிக்குப் பத்து, பதினைந்து தடவை துள்ளும். மனித உடம்புக்கு, அதிலும் உட்கார்ந்திருக்கும் முதுகுக்கு, மேல்கீழ் அதிர்வில் மிகவும் உறுத்துவது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரையிலான பகுதி. வேகத்தடையைப் பார்த்தால் ஓட்டுநர் பிரேக் போடுகிறார், உட்கார்ந்திருப்பவர் உடம்பைத் தயார் செய்துகொள்கிறார். கண்ணுக்குத் தெரியாத சிறு சிறு அதிர்வுகளுக்கு யாரும் தயாராவதில்லை. எழுபது கிலோமீட்டர் தூரத்துக்கு அவை முதுகைத் தட்டிக்கொண்டே வருகின்றன. அம்மாவின் இரண்டாவது குறை அதுதான்.

சில மில்லிமீட்டர் மட்டுமே நகரும் அந்தச் சிறு அசைவுகளில், ஷாக் முதலில் தன் சீலின் உராய்வைக் கடந்துதான் நகரத் தொடங்க முடியும். 25 பார் அழுத்தத்தைக் கசியாமல் காக்கும் சீல் கம்பியை இறுகப் பிடித்தே ஆகவேண்டும். அதோடு மிதக்கும் பிஸ்டனின் வளையமும் குழாய்ச் சுவரை உரசுகிறது. அந்த உராய்வைக் கடக்கும்வரை ஷாக் ஒரு விறைத்த கம்பிதான். தார்ச்சாலையின் சொரசொரப்பு நேராக வண்டியின் உடலுக்கு ஏறிவிடும். இரட்டைக் குழாயின் சீல் அவ்வளவு இறுக்கம் இல்லாதது, கம்பி எளிதாக நழுவத் தொடங்கும். இதோடு, கடைகளில் எஸ்யூவிக்கென்று கிடைக்கும் ஒற்றைக் குழாய்களில் பலவற்றின் வால்வு, மெதுவான அசைவிலேயே எதிர்ப்பு சட்டென ஏறும்படி அமைக்கப்பட்டிருக்கும். திருப்பத்தில் வண்டி சாயாமல் நிற்க அது நல்லது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது உள்ளே இருப்பவர் தலையை ஆட்டிவிடுவதும் அதுவே.

நேர்மையாகச் சொன்னால், ஒற்றைக் குழாயிலும் மென்மையாக வால்வு அமைக்க முடியும், விலை உயர்ந்த கார்களில் அமைக்கிறார்கள். நம் கைக்கு வருவது பெரும்பாலும் வேகத்தையும் பாரத்தையும் மனத்தில் வைத்துச் செய்தது.

இரட்டைக் குழாய் என்றால் மட்டம் என்ற எண்ணமும் போகவேண்டும். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு மண்பாதைகளில் பல நூறு கிலோமீட்டருக்குத் துணி துவைக்கும் பலகை போல வரிவரியாக மேடு எழும்பியிருக்கும். அந்த நாட்டின் ஓல்டு மேன் எமு ஷாக்குகள் அந்தப் பாதைகளில்தான் பேர் வாங்கின. அவற்றில் பெயர்பெற்ற நைட்ரோசார்ஜர் வகை இரட்டைக் குழாய்தான். தடித்த சுவரும் தேர்ந்த வால்வும் இருந்தால் இந்த அமைப்பும் உழைக்கும். ஜப்பானின் கேஒய்பி இரட்டைக் குழாயில் எக்செல்-ஜி, ஒற்றைக் குழாயில் கேஸ்-எ-ஜஸ்ட் என்று இரண்டையும் அருகருகே விற்கிறது. ஒன்று மற்றதைவிட உயர்ந்தது என்றால் இரண்டுக்கும் தேவை இருக்காது.

கல் பாதையில் இன்னொரு கணக்கும் உண்டு. கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் பக்கம் நான் போன நாட்களில், பாதையின் கல் வண்டியின் அடியில் படபடவென்று அடிக்கும். இரட்டைக் குழாயின் வெளிச்சுவர் ஓரளவு நசுங்கினாலும் உள்ளே பிஸ்டனுக்கு ஒன்றும் ஆகாது. ஒற்றைக் குழாயில் பிஸ்டன் ஓடும் சுவரே வெளிச்சுவர். ஒரு கல் ஆழமாகப் பதிந்தால் பிஸ்டன் அங்கே சிக்கும், ஷாக் அதோடு முடிந்தது. நல்ல நிறுவனங்கள் சுவரைத் தடிமனாகச் செய்கின்றன, சில கவசமும் தருகின்றன. ஆனாலும் வாங்கும்முன் அடியில் குனிந்து, ஷாக் எவ்வளவு தாழத் தொங்குகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

வேகத்தையும் பார்க்கவேண்டும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவ்வளவு கரடுமுரடான பாதையில் வண்டி நடைவேகத்தில்தான் போகிறது. சக்கரம் ஏறி இறங்கும் உயரம் அதிகம், வேகம் குறைவு. ஷாக் அங்கே பெரிதாகச் சூடாவதே இல்லை. ஒற்றைக் குழாயின் முதற்பெரும் பலத்துக்கு அந்தப் பாதையில் வேலை கிடையாது. உடைந்த நெடுஞ்சாலையில் ஏழு பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு 90 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணி நேரம் போகிறவருக்கு, அந்தப் பலம் உயிர் காக்கும். "கரடுமுரடு" என்ற ஒரே சொல்லுக்குள் இவ்விரண்டையும் போட்டு ஒரே ஷாக்கைப் பரிந்துரைப்பதுதான் பலருக்கும் பணத்தை வீணாக்குகிறது.

இரண்டின் நன்மையையும் சேர்க்க நிறுவனங்கள் முயல்கின்றன. 2021-இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி 700-இல், அதிர்வு நொடிக்கு எத்தனை தடவை என்பதைப் பொறுத்துத் தன்னை இளக்கிக்கொள்ளும் ஷாக் உண்டு. படபடவென்ற சிறு அதிர்வு வந்தால் எண்ணெய்க்கு இன்னொரு வழி திறக்கும், உடல் மெதுவாக ஆடும்போது அது மூடும். மின்சாரம் ஏதும் இல்லை, வால்வின் வேலை மட்டுமே. இந்தத் திசைதான் சரி என்பது என் கருத்து.

ஷாக்கின்மேல் பழி போடுமுன் பார்க்கவேண்டியவையும் உண்டு. டயரில் காற்று அதிகமாக இருந்தால் எந்த ஷாக்கும் சொகுசு தராது. தேய்ந்த ரப்பர் புஷ் தரும் சத்தத்தையும் குலுக்கலையும் ஷாக் என்று நினைத்து மாற்றியவர்களை அறிவேன். அழகுக்காகப் பெரிய அலாய் சக்கரமும் பக்க உயரம் குறைந்த டயரும் போட்டவர், ரப்பரின் மெத்தையைத் தன் கையாலேயே கழற்றிவிட்டவர். கம்பியின் மேல் எண்ணெய் வழிந்திருந்தாலோ, டயர் இடைவிட்டு இடைவிட்டுக் குழிகுழியாகத் தேய்ந்திருந்தாலோ ஷாக் போய்விட்டது என்று கொள்ளலாம். மாற்றினால் ஓர் அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

அன்று மாலை நான்கையும் மாற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் கோவை போய்த் திரும்பும்போது, அன்னூர் தாண்டியதும் அம்மா தூங்கிவிட்டார். பின்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினேன். நெடுஞ்சாலையில் பெரிய பள்ளத்தில் இறங்கும்போது வண்டி முன்னைவிட ஓர் ஆட்டம் கூடுதலாக ஆடுகிறது, மறுக்கவில்லை. அதற்கு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

கழற்றிய ஒற்றைக் குழாய்கள் நன்றாகவே இருந்தன. அதே வண்டி வைத்திருக்கும் என் மச்சான் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். மஞ்சள் வியாபாரம், பின்னால் எப்போதும் மூட்டை, வாரம் மூன்று நாள் வெளியூர். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது கேட்டேன். "இப்பத்தான் மாப்ள வண்டி ரோட்டப் புடிச்சு ஓடுது" என்றார்.