பீலி முதல் கடல் வரை

மலைநாட்டில் வாழும் எமக்கு நீர் என்றதும் முதலில் நினைவில் எழுவது பீலிக்கரையே. காலையில் குடம் ஏந்தி நிற்பதும், மாலையில் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டுக் கைகால் கழுவுவதும் அங்கேதான். அந்நீர் எங்கே போகின்றது என்று நாம் சிந்தித்ததுண்டா?

மஸ்கெலியா ஓயாவும், நோர்வூட் வழிவரும் கெஹெல்கமு ஓயாவும் கூடியே களனி கங்கையாகின்றன. கொழும்பு மாநகர் அருந்துவது அக்கங்கை நீரையே. நுவரெலியாவின் நீரோ நானுஓயா, கொத்மலை ஓயா வழியே மகாவலியிற் சேர்ந்து, கோணேசர் வீற்றிருக்கும் திருகோணமலைப் பகுதியிலே, கொட்டியாரக் குடாவிற் கடலைக் காண்கின்றது. ஆகவே, எமது பீலியில் விழும் அழுக்கு எமது தோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை.

இந்நீருக்கு நேர்ந்த சோதனை நேற்றுத் தொடங்கியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பிக்காகக் காடுகள் அழிந்தன. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாதென 1873இல் கியூ பூங்காவின் ஹூக்கர் ஆலோசனை கூறினார். அதே ஆண்டிலேதான் தேசாதிபதி கிரகரி நுவரெலியாவின் சதுப்பு நிலத்தை ஏரியாக்கினார். பிற்காலத்தில் மரக்கறித் தோட்டத்து மண்ணும் பட்டணத்துக் கழிவும் அந்த ஏரியை வந்தடைந்தன.

மண் பாதுகாப்புச் சட்டம் 1951இல் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, மழை மண்ணை அள்ளிச் செல்லாதபடி மலைக்குக் குறுக்கே கான் வெட்டியவர்கள் எமது பாட்டன்மார். ஆற்றைக் காக்கும் தொழில் எமக்குப் புதிதன்று.

1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கிற்று. நாட்டுக்கு ஒளி கிடைக்க ஓர் ஊரையே கொடுத்தோம். வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் எச்சம் இன்றும் தலைகாட்டுகின்றது. அத்தேக்கத்திற் குப்பை எறிவது, முன்னோர் வணங்கிய சந்நிதியில் எறிவதற்கு ஒப்பாகும்.

நாம் செய்யக்கூடியவை சிறியவையே. பீலிக்கு மேற்புறத்திற் சவர்க்காரமிட்டுத் துவைக்காதிருப்போம். மருந்தடித்த தாங்கியை ஓடையிற் கழுவாதிருப்போம். சமையற் கழிவைக் குழியிலிட்டு உரமாக்குவோம். சோறு பொதியும் பொலித்தீன் தாளை 2017இல் அரசாங்கம் தடைசெய்தது. வாழையிலைக்கு எவரும் தடை விதித்ததில்லை. சிவனொளிபாத யாத்திரை செல்வோர், கொண்டு சென்றதைத் தம்மோடு திருப்பிக் கொண்டுவருவாராக. மாதம் ஒருநாள் வாலிபர் கூடி லயத்துக் கான்களைத் துப்புரவாக்கலாம்.

ஒன்றையும் மறத்தலாகாது. ஒழுங்கான கழிவறையும் கானும் இல்லாத லயத்திலே தூய்மையைத் தோட்ட மக்களிடம் மட்டும் கேட்பது நீதியன்று. அவற்றை உரியவரிடம் கேட்டுப் பெறுவதும் எமது கடமையே.

வாலிபர்களே! மலையுச்சியில் இருப்போர் முதற் குடத்தை மொள்கின்றோம். எமக்குப் பின்னே குடத்துடன் நிற்கும் வரிசை கடற்கரை வரை நீண்டுள்ளது. அவர்களுக்கும் தெளிந்த நீரே செல்லட்டும்.