ஆய்வுகூடத்தில் மறைந்திருந்த பகை

செய்யும் தொழிலே சிலருக்குப் புற்றுநோயைத் தேடித் தரக்கூடும் என்னும் உண்மை புகைபோக்கிகளினின்று வெளிப்பட்டது. புகைபோக்கிகளைத் துப்புரவு செய்வோரைப் பீடித்த ஒருவகைப் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணமென இலண்டன் மருத்துவர் பேர்சிவல் பொட் 1775ஆம் ஆண்டில் எழுதினார். 120 ஆண்டுகள் கழிந்தபின், 1895இல், ஜேர்மனிய அறுவை மருத்துவர் லுட்விக் றேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர் சிலரின் சலப்பையிற் புற்றுநோய் தோன்றியிருத்தலை எடுத்துரைத்தார்.

இவர்கள் தாம் கையாண்ட பொருளின் இயல்பை அறியாத எளிய தொழிலாளர். இரசாயனத்தைக் கற்றுத் தேர்ந்தோர் பணிபுரியும் ஆய்வுகூடத்தில் இத்தகைய ஆபத்து நேராது என எண்ணுதல் எளிது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை இருமெதைல் நைத்திரோசமீன் என்னும் பொருளின் வரலாறு காட்டுகின்றது.

இப்பொருள் இளமஞ்சள் நிறமான ஓர் எண்ணெய்த் திரவம். நீரிலும் எளிதிற் கரைவது. பிற பொருள்களைக் கரைப்பதற்கு உதவும் எனக் கருதி, கைத்தொழில் சார்ந்த ஆய்வுகூடம் ஒன்றில் இது பயன்படுத்தப்பட்டது. சிறிது காலத்துள் அதனைக் கையாண்டோருள் இருவரின் ஈரல் பழுதுற்று, வடுப்பட்டு இறுகியது. கையைச் சுடாத, கண்ணை உறுத்தாத ஒரு திரவம் உடலினுள்ளே ஓசையின்றித் தன் வேலையைச் செய்திருந்தது.

இங்கிலாந்தின் கார்ஷால்டன் நகரில், மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் நச்சியற் பிரிவில் பணியாற்றிய பார்ன்ஸ், மகீ என்னும் இருவர் இதனை ஆராய முற்பட்டனர். எலி முதலிய விலங்குகளின் ஈரலை இப்பொருள் கடுமையாக அழிக்கின்றது என்பதை 1954இல் அவர்கள் வெளியிட்டனர். ஆராய்ச்சி அத்துடன் முற்றுப்பெற்றிருக்கலாம். ஆயின், மிகச் சிறிய அளவை நெடுநாள் உட்கொண்டால் யாது நிகழும் என்னும் வினாவையும் அவர்கள் எழுப்பினர். உணவின் பத்து இலட்சம் பங்கில் 50 பங்கு மட்டுமே இப்பொருளைக் கலந்து எலிகளுக்கு ஊட்டினர். 1956இல் வெளியான முடிவு திடுக்கிட வைத்தது: எஞ்சியிருந்த 20 எலிகளுள் 19இன் ஈரலிற் கட்டிகள் தோன்றியிருந்தன.

இந்நஞ்சு செயற்படும் முறையும் பின்னர் விளங்கிற்று. இது உட்புகுந்த வடிவிலேயே தீங்கு செய்வதன்று. நச்சுப் பொருள்களை மாற்றி அகற்றும் கடமையுடைய ஈரலே இதனை வீரியமிக்க வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றது. அப்பொருள் உயிரணுவின் மரபுப் பொருளைத் தாக்கி மாற்றியமைக்கின்றது. காவலனே கள்வனுக்குக் கதவு திறந்துவிடும் கதை இது.

ஆய்வுகூடத்திற் பெற்ற இவ்வறிவு வெளியுலகுக்கும் பயன்பட்டது. நோர்வே நாட்டில் மீன்தூள் உண்ட ஆடுகள் ஈரல் நோயால் மடிந்தன. அத்தூளுக்குரிய மீனைப் பழுதுறாமற் காக்கச் சேர்த்த நைத்திரைற்று, மீனிலுள்ள அமீன்களுடன் சேர்ந்து இதே நஞ்சைத் தோற்றுவித்திருந்தமை 1964இல் அறியப்பட்டது.

சாயத் தொழிலாளருக்குச் சலப்பைப் புற்றுநோயை விளைவித்த பென்சிடீனும் இவ்வாறே ஆய்வுகூடங்களிற் புழங்கியது. இரத்தக் கறையின் சிறு சுவட்டையும் காட்டவல்லது என்பதால், மருத்துவ ஆய்வுகூடத்தினர் அதனை நெடுங்காலம் நாள்தோறும் கையாண்டனர்.

1974இல் ஐக்கிய அமெரிக்கா, புற்றுநோய் விளைவிக்கும் 14 இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. இவ்விரு பொருள்களும் அவற்றுள் அடங்கும். ஆய்வுகூடங்களுக்கெனத் தனி விதிகளும் வகுக்கப்பட்டன. குழாயை வாயில் வைத்துத் திரவத்தை உறிஞ்சும் பழைய வழக்கம் விலக்கப்பட்டது. நுண்துளிகள் எழக்கூடிய சோதனைகள், காற்றை வெளியே இழுக்கும் மூடிய கூண்டினுள் நடைபெறல் வேண்டும் எனப் பணிக்கப்பட்டது.

இவ்விதிகள் ஒவ்வொன்றின் பின்னும் நோயுற்ற மனிதர் நிற்கின்றனர். புற்றுநோய் தோன்றப் பல்லாண்டுகள் செல்லும். அதற்குள் சோதனையும் மறக்கப்படும், சோதனைச் சாலையும் மாறிவிடும். இன்று ஒருவர் நலமாயிருத்தல் அவர் கையிலுள்ள பொருள் தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது. அன்று இருவரின் நோயைத் தற்செயல் எனத் தள்ளாது, காரணம் யாதெனக் கேட்டமையாலேயே உண்மை வெளிவந்தது. அவ்வாறு கேட்டலே ஆய்வுகூடத்தின் முதற் பாதுகாப்பு.