விளைந்தும் தீராத வெங்காயத் தட்டுப்பாடு

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்துப் பென்னலூர் என்னும் ஊர் இருக்கிறது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பகுதி அது. இன்று இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. பல மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு இங்கே நாள்தோறும் பெரும் சமையல் நடக்கிறது. அந்தச் சமையலுக்கு வேண்டிய வெங்காயமோ வெளியூர்களிலிருந்து லாரிகளில் வருகிறது. விளைவிக்காமல் உண்ணும் ஊர்கள் பெருகிவரும் நம் நாட்டில், வெங்காயத்தின் வரலாறு உண்பவனுக்கும் விளைவிப்பவனுக்கும் இடையே உள்ள தூரத்தின் வரலாறாகவே அமைந்துவிட்டது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் தன் முதல் காரை வெளியிட்ட ஆண்டு 1998. அதே ஆண்டின் பிற்பகுதியில் டில்லியில் வெங்காய விலை கிலோ 40 ரூபாயையும் கடந்து ஏறியது. நவம்பரில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் டில்லியை ஆண்ட கட்சி தோற்றதற்கு இவ்விலை ஒரு முக்கியக் காரணம் என்று பலரும் கூறினர். அதற்கு முன்பே, 1980 ஜனவரியில் நடந்த பொதுத்தேர்தலில், வெங்காய விலையைப் பிரசாரப் பொருளாக்கினார் இந்திரா காந்தி. அடுக்களைப் பண்டம் ஒன்று ஆட்சிகளையே அசைக்கக் கூடியது என்பதை அன்றே நாடு கண்டுகொண்டது.

அப்படியானால் நாட்டில் வெங்காயம் போதிய அளவு விளையவில்லையா? கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது. 2001-02-ல் இந்தியாவின் வெங்காய விளைச்சல் சுமார் 52 லட்சம் டன். 2011-12-ல் அது 175 லட்சம் டன்னாகவும், 2021-22-ல் ஏறத்தாழ 317 லட்சம் டன்னாகவும் பெருகியது. மக்கள் தொகையால் வகுத்துப் பார்த்தால், தலைக்கு ஆண்டொன்றுக்கு 5 கிலோவாக இருந்த விளைச்சல் இருபதாண்டுகளில் 22 கிலோவைத் தாண்டிவிட்டது. ஏற்றுமதியும், விதைக்கு ஒதுக்குவதும், அழுகிப் போவதும் இதில் அடங்கும். அவற்றைக் கழித்தாலும் முன்னைவிடப் பன்மடங்கு வெங்காயம் இன்று நமக்கு இருக்கிறது. இவ்வளவு விளைந்த பிறகும் தட்டுப்பாடு ஏன் வருகிறது?

விடை நாட்காட்டியில் இருக்கிறது. ஆண்டு விளைச்சலில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு, பங்குனி, சித்திரை மாதங்களை ஒட்டி அறுவடையாகும் ராபிப் பருவத்தைச் சேர்ந்தது. மழைக்காலப் பயிரான காரீப் வெங்காயம் ஐப்பசி வாக்கில்தான் சந்தைக்கு வரும். அதுவரை நாடு முழுவதும் பழைய இருப்பைக் கொண்டே உண்ணவேண்டும். அந்த இருப்பு தீரும் வேளையில் மகாராஷ்டிரத்திலோ கர்நாடகத்திலோ பெருமழை பெய்து புதுப்பயிரும் கெட்டுவிட்டால் விலை விண்ணை முட்டுகிறது. 1998, 2010, 2013, 2019, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்ட நெருக்கடிகள் எல்லாம் ஆவணிக்கும் மார்கழிக்கும் இடைப்பட்ட காலத்திலேயே நேர்ந்தன.

வளமான ஆண்டுகளின் தானியத்தைக் கதிரோடு சேமித்து வைக்கும்படி யூசுஃப் நபி (அலை) அவர்கள் எகிப்தியருக்கு வழிகாட்டிய வரலாற்றை நம் இல்லங்கள் நன்கறியும். தானியத்துக்கு அவ்வழி உண்டு. வெங்காயத்துக்கு அது எளிதன்று. அறுத்த பின்னும் அது உயிருள்ள கிழங்கு. முளைக்கும், வற்றும், அழுகும். நாசிக் உழவர்கள் காற்றோட்டமான கொட்டகைகளிலும், பெரம்பலூர் வட்டாரத்து உழவர்கள் பட்டறை அமைத்தும் அதைக் காக்கின்றனர். ஆயினும் சேமிப்பில் கால் பங்கு முதல் நாற்பது சதவீதம் வரை வீணாகிறது என்பர். முளைப்பதைத் தடுக்க லாசல்காவில் 2002-ல் கதிர்வீச்சு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. கதிர்வீச்சு முளையை நிறுத்துமே தவிர அழுகலை நிறுத்தாது.

விலை ஏறும்போதெல்லாம் அரசின் கை முதலில் நீள்வது துறைமுகத்தை நோக்கித்தான். 2010 டிசம்பர், 2019 செப்டம்பர், 2020 செப்டம்பர், 2023 டிசம்பர் என மீண்டும் மீண்டும் ஏற்றுமதிக்குத் தடை பிறந்தது. கோலார், சிக்கபள்ளாப்பூர் பகுதிகளில் விளையும் ரோஸ் வெங்காயம் பெரும்பாலும் அயல்நாடுகளுக்கென்றே பயிராவது. 2019-ல் அதுவும் தடையில் சிக்கியது. பிறகு 9,000 டன் மட்டும், அதுவும் சென்னைத் துறைமுகம் வழியாக மட்டும், அனுப்பலாம் என்று அந்த அக்டோபரில் விலக்கு அளிக்கப்பட்டது. 2020 அக்டோபரில் தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளில் கிலோ 45 ரூபாய்க்கு வெங்காயம் விற்று மக்களின் சுமையைச் சற்றே குறைத்தது.

உண்பவனுக்கு இவ்வளவு காவல் இருக்க, விளைவித்தவனுக்கு என்ன இருக்கிறது? 2023 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மண்டிக்கு உழவர் ஒருவர் 512 கிலோ வெங்காயம் கொண்டுசென்றார். கிலோ ஒரு ரூபாய்க்கு விலைபோயிற்று. கூலியும் வாடகையும் கழித்து அவர் கையில் கிடைத்தது 2 ரூபாய்க்கான காசோலை. அதே ஆண்டு ஆகஸ்டில் விலை உயரத் தொடங்கியதும் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி விதிக்கப்பட்டது. நவம்பரில் டில்லியில் கிலோ 80 ரூபாய். ஓராண்டுக்குள் ஒரே பண்டம் உழவனையும் அழவைத்தது, இல்லத்தரசியையும் அழவைத்தது.

தடையின் விளைவு நம் எல்லையோடு நிற்பதுமில்லை. நம் உறவினர் வாழும் கொழும்பு, கோலாலம்பூர், துபாய் நகரங்களின் கடைகளிலும் விலை ஏறுகிறது. எதிர்ப்புறப் படிப்பினையை இலங்கை வரலாறே தருகிறது. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாணத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டோர் செழித்தனர். வாங்கி உண்போர் இடர்ப்பட்டனர். 1977-க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த உழவர்கள் நலிந்தனர். கதவை அடைத்தாலும் திறந்தாலும் ஒரு சாராருக்கு இழப்பே.

ஆகவே கதவைவிடக் கிடங்கே முக்கியம் என்று நாம் கருதுகிறோம். விலை நிலைப்படுத்தும் நிதியைக் கொண்டு அரசு 2020-21-ல் 1 லட்சம் டன் இருப்பு வைத்தது. 2022-23-ல் அதை 2.51 லட்சம் டன்னாக உயர்த்தியது. 2024 அக்டோபரில் 1,600 டன் வெங்காயம் லாசல்காவிலிருந்து ரயிலில் டில்லி சென்றது. இவை நல்ல தொடக்கங்கள். எனினும் ஆண்டுக்கு 300 லட்சம் டன் விளையும் நாட்டில் 2022-23-ல் வைத்த 2.51 லட்சம் என்பது நூற்றில் ஒரு பங்குகூட இருக்கவில்லை.

சித்திரையில் குவியும் வெங்காயத்தை உழவனுக்குக் கட்டுபடியாகும் விலையில் வாங்கி, விளைந்த ஊரிலேயே கெடாமல் காத்து, ஐப்பசியில் வெளியே விட்டால் இரு தரப்பும் பிழைக்கும். வெங்காயத்தை மலிவாக உண்ணும் உரிமை நமக்கு உண்டு என்றால், அதை விளைவித்தவன் இரண்டு ரூபாயோடு வீடு திரும்பாதிருக்கும் உரிமையும் உண்டு. விலை ஏறும் மாதங்களில் எழும் நம் குரல், அது விழும் மாதங்களிலும் எழுந்தாக வேண்டும்.