ஜில்லாத் தலைநகர்

காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பல்லவர்களில் ஆரம்பித்துப் பட்டுப்புடவையில் முடிக்கிறார்கள். ராஜாக்களின் வரிசை சரித்திரம் ஆகிறது. கோயில்களின் எண்ணிக்கை பூகோளம் ஆகிறது. இரண்டையும் கூட்டினாலும் ஊர் அகப்படுவதில்லை. தலைநகர் என்ற சொல்லில்தான் கோளாறு என்று எனக்குப் படுகிறது.

பல்லவர் தலைநகர் கிடக்கட்டும். ஜில்லாத் தலைநகர் என்ற அந்தஸ்தைப் பார்ப்போம். ஆற்காட்டு நவாப் 1763இல் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த பிரதேசம்தான் பிற்பாடு செங்கல்பட்டு ஜில்லா ஆயிற்று. அதன் தலைமையிடம் கருங்குழியில் இருந்தது. நடுவில் சில வருஷங்கள் காஞ்சிக்கு வந்தது. 1859இல் சைதாப்பேட்டைக்குப் போயிற்று. காஞ்சிக்காரரான அண்ணாதுரை முதல்வராக இருக்கையில், 1968 ஜூலை 1 முதல், மறுபடி காஞ்சி. அப்போதும் ஜில்லாவின் பெயர் வேறு. 1997இல் திருவள்ளூர் பிரிந்தபோதுதான் ஊரின் பெயர் ஜில்லாவுக்கு வந்தது. 2019இல் செங்கல்பட்டு தனியாகப் போனபோது மாமல்லபுரமும் அதோடு போயிற்று. பல்லவனின் தலைநகர் ஒரு ஜில்லா, துறைமுகம் இன்னொரு ஜில்லா.

தண்ணீர் போகும் வழி இந்த உத்தரவுகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணல். ஊரை ஒட்டிய வேகவதி திருமுக்கூடலில் அதோடு சேருகிறது. வற்றாத ஆறு இல்லை. நிலம் கிழக்கே மெல்லச் சரிகிறது. எனவே வடகிழக்குப் பருவமழையைக் கரை போட்டு நிறுத்த வேண்டும். ஒரு ஏரியின் கலங்கல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போக வேண்டும். முசரவாக்கம் மாதிரியான ஊர்களின் விவசாயம் இந்த ஏற்பாட்டில் நின்றது. நகரம் அந்த ஊர்களின் நெல்லில் நின்றது. பட்டுக்கும் கச்சா நூல் கர்நாடகத்தினுடையது, ஜரிகை சூரத்தினுடையது.

காஞ்சி வட்டத்தில் கூரம் என்றொரு கிராமம். முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு அங்கே கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதி. பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து அதற்கு வெட்டிய பெரும்பிடுகு காலையும் அது சொல்கிறது. மண்டபத்தில் பாரதம் வாசிப்பவனுக்கும் ஒரு பங்கு உண்டு. தண்ணீரும் கதையும் ஒரே சாசனத்தில் வருவதை நம் இலக்கியச் சரித்திரக்காரர்கள் யோசிக்கலாம்.

ஆயிரம் வருஷம் கழித்து, 1767க்கும் 1774க்கும் இடையில், பர்னார்ட் என்ற வெள்ளைக்காரர் கம்பெனிக்காக இந்த ஜாகீரை அளந்தார். சுமார் 2000 ஊர்கள். வரி வாங்கும் நோக்கம்தான். ஆனாலும் ஏரி, வாய்க்கால், வீடு, விளைச்சலில் யார் யாருக்கு என்ன பங்கு என்பதெல்லாம் பதிவாகிவிட்டது. எந்த ராஜபரம்பரைப் பட்டியலைக் காட்டிலும் இதில் ஊர் தெரிகிறது.

2022இல் பரந்தூரில் விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. ஏகனாபுரத்துக்காரர்கள் வயலையும் வீட்டையும் ஏரியையும் சொல்லி எதிர்த்தார்கள். இதை வளர்ச்சிக்கும் பழமைக்குமான சண்டை என்று எழுதுவது சௌகரியம். ஏரியை இத்தனை ஏக்கர் என்று கணக்கிடலாம். அதற்கு மேலேயும் கீழேயும் உள்ள ஏரிகளோடு அதற்கிருக்கும் உறவுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. பர்னார்டின் குமாஸ்தாக்களாவது வாய்க்கால்களையும் எழுதினார்கள்.

காஞ்சியின் சரித்திரத்தை எழுத நினைப்பவர் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தது போதும். ஏதாவது ஒரு வாக்கத்துக்குப் போய், கரைமேல் நடந்து, மதகு எங்கே இருக்கிறதென்று விசாரிக்கட்டும்.