நோவே காவல்: தொழுநோயாளரின் கைகால்களை மீட்ட ஆராய்ச்சி வரலாறு

நளாயினி கதையை அறியாத தமிழர் அரியர். தொழுநோயாற் பீடிக்கப்பட்ட மௌத்கல்ய முனிவரின் விரலொன்று உண்கலத்திற் கழன்று விழுந்ததென்றும், அதனை அகற்றிவிட்டு எஞ்சிய உணவை நளாயினி அருவருப்பின்றி உண்டாளென்றும் அக்கதை கூறும். கற்பின் பெருமையை உணர்த்த எழுந்த இக்கதை, அந்நோயைப் பற்றி உலகம் நெடுங்காலமாகக் கொண்டிருந்த ஒரு கருத்தையும் நமக்குக் காட்டுகின்றது. நோயினாற் சதை அழுகி, விரல்கள் தாமே உதிர்ந்துவிடும் என்பதே அக்கருத்து. அது பிழை என்பதை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்று நிறுவியது. கைகால்களின் காயங்களையும் மூட்டுக் கேடுகளையும் ஆராயும் சத்திரசிகிச்சைத் துறை உலகுக்கு அளித்த சிறந்த உண்மைகளுள் இதுவும் ஒன்றாகும்.

தொழுநோயில் தோல் உணர்விழக்கும் என்பதைச் சுசுருதர் முதலிய பண்டை வைத்தியர் அறிந்திருந்தனர். ஆயினும் மக்கள் மனத்தில் நிலைபெற்றது அச்சமே. நோயாளரை ஊரினின்று விலக்கி வைத்தலே பரிகாரமெனக் கொள்ளப்பட்டது. இலங்கையில் ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் தொழுநோயாளர் இல்லத்தை நிறுவினர். பிற்காலத்தில் மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும் இந்நோயாளருக்குரிய இடமாயிற்று. 1873இல் நோர்வே நாட்டு வைத்தியர் ஹன்சன் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். 1940களிற் சல்போன் மருந்துகள் வழக்கிற்கு வந்தன. கிருமியை அடக்க வழி பிறந்தது. ஆனால், முன்னரே மடங்கிப்போன விரல்களை அம்மருந்துகளால் நிமிர்த்த முடியவில்லை. நோய் நீங்கியும் நோயாளியென்னும் பெயர் நீங்காதவராய் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்தனர்.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் போல் பிராண்ட் என்னும் சத்திரசிகிச்சை வல்லுநர். வல்வில் ஓரியின் மலையெனச் சங்கப் புலவர் போற்றிய கொல்லிமலையில், கிறித்தவ ஊழியம் புரிந்த ஆங்கிலப் பெற்றோருக்கு 1914இல் இவர் பிறந்தார். கல்வியின் பொருட்டு இளமையிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட இவர், மருத்துவம் பயிலுமுன் சில ஆண்டுகள் தச்சுவேலையும் கட்டடத் தொழிலும் கற்றார். கருவியைக் கையாளும் கையின் அருமையை அத்தொழில் அவருக்கு உணர்த்திற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இலண்டனிற் குண்டுவீச்சுக்கு இலக்கானோருக்குச் சிகிச்சை செய்து தேர்ச்சி பெற்றபின், 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

1947இல் செங்கற்பட்டிலிருந்த தொழுநோய் நிலையத்தைப் பார்வையிடச் சென்ற பிராண்ட், அங்கே விரல்கள் பறவையின் நகம் போல மடங்கிய கைகளைக் கண்டார். அத்தகைய கையொன்றினுள் தமது கையை வைத்து, இறுகப் பற்றுமாறு நோயாளியைக் கேட்டார். வலுவற்றிருக்குமென எண்ணிய பிடி, தாங்கொணாதபடி வலுவுடையதாயிருந்தது. கை முழுவதும் கெட்டுவிடவில்லை; சில தசைகளே செயலிழந்துள்ளன; ஏனையவை நல்ல நிலையில் உள்ளன என்பது அவருக்குப் புலனாயிற்று. இக்கைகளின் கேட்டுக்குக் காரணம் யாதென நிலையத் தலைவரான வைத்தியர் இராபட் கொக்ரேனை வினவியபோது, என்பு மூட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர் எவரும் இதனை ஆராய முன்வந்ததில்லை என்ற விடையே கிடைத்தது.

அன்று தொடங்கியது ஆராய்ச்சி. நோயாளரின் கைகளைத் தசை தசையாகச் சோதித்து, எவை கெட்டன, எவை எஞ்சின என்று பிராண்டும் அவர்தம் குழுவினரும் பதிந்தனர். இறந்தோரின் உடல்களில் நரம்புகளையும் ஆராய்ந்தனர். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றின் அண்மையில், நரம்புகள் தோலை அடுத்துச் செல்லும் இடங்களிலேயே அவை வீங்கியிருந்தன. உடலின் குளிர்ந்த பகுதிகளிலேயே கிருமி செழிக்கின்றது என்பதற்கு இஃது இயைந்ததாகும். எந்நரம்பு எவ்விடத்திற் கெடும் என்பது தெரியவே, எத்தசை தப்பிப் பிழைக்கும் என்பதும் தெளிவாயிற்று.

இவ்வறிவே சிகிச்சைக்கு அடிப்படை. நான்கு விரல்களில் ஒவ்வொன்றையும் மடக்குதற்கு முன்னங்கையிலிருந்து இவ்விரு தசைநாண்கள் வருகின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுசென்று, செயலிழந்த சிறு தசைகளின் வேலையைச் செய்யுமாறு விரல்களிற் பொருத்தினர். தொழுநோயாளரின் உடலிற் சத்திரசிகிச்சைப் புண் ஆறாதென்ற ஐயம் பலருக்கிருந்தது. 1948ஆம் ஆண்டளவில் தொடங்கிய சிகிச்சைகள் அவ்வையத்தைப் போக்கின. புண்கள் ஏனையோருக்குப் போலவே ஆறின. இடம் மாறிய தசைக்குப் புதிய தொழிலைப் பயிற்றுவதற்குப் பல வாரப் பயிற்சி வேண்டியிருந்தது. பயிற்சியின் முடிவில் விரல்கள் நிமிர்ந்தன.

ஆனால், விரல் நிமிர்ந்ததனால் வாழ்வும் நிமிர்ந்துவிடவில்லை. சிகிச்சை பெற்றுச் சென்ற சிலர் முன்னிலும் வறியராய்த் திரும்பி வந்தனர். மடங்கிய கையைக் கண்டு இரங்கிப் பிச்சையிட்டவர்கள், நிமிர்ந்த கைக்கு ஒன்றும் ஈந்திலர். நோயின் பெயரைக் கேட்டு வேலை கொடுப்பாரும் இலர். ஆகவே, வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு அமைக்கப்பட்டது. அங்கே நோயாளர் தச்சு முதலிய தொழில்களைப் பயின்றனர். இளமையில் தாம் கற்ற உளியும் வாளும் பிராண்டுக்கு மீண்டும் உதவின.

இந்நிலையத்திலேதான் தலையாய உண்மை வெளிப்பட்டது. திருத்தப்பட்ட கைகளிலும் புதிய புண்கள் தோன்றிக்கொண்டேயிருந்தன. ஒவ்வொரு புண்ணுக்கும் காரணத்தைத் தேடுமாறு பணிக்கப்பட்டது. சூடேறிய பாத்திரம், பிடியின் கூர்விளிம்பு, அளவுக்கு மிஞ்சிய அழுத்தம் எனக் காரணங்கள் ஒவ்வொன்றாய்ப் புலப்பட்டன. துருவேறிய பூட்டைத் திறக்க முயன்ற சிறுவனொருவன், விரற்சதை கிழிந்து குருதி ஒழுகியும் அதனை அறியாது நின்றான். இரவில் உறங்கியவர்களின் விரல் குறைவதற்குக் காரணம் எலிகள் என்பதும் தெரியவந்தது. அதன்பின் நோயாளருக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. விரல்கள் நோயினால் உதிரவில்லை. நோவு அறியாமையினாற் காயப்பட்டு, காயம் புரையோடித் தேய்ந்தன. ஏனையோரை ஒவ்வொரு கணமும் காக்கும் வலியென்னும் காவலன் இவர்களிடம் இல்லை என்பதே உண்மை.

பாதத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும். உள்ளங்காலில் உணர்விழந்தவர் புண்ணின்மேலேயே நடப்பர். ஆதலாற் புண் ஆறுவதில்லை. இத்துறையில் இலங்கைத் தமிழர் ஒருவருக்கும் பங்குண்டு. கொழும்பு மருத்துவக் கல்லூரியின் முதற் சத்திரசிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய மில்றோய் போல், 1930களில் இத்தகைய புண்ணுடைய பாதத்துக்குச் சாந்துக்கட்டு இட்டு, நடக்கவிட்டே குணப்படுத்தும் முறையைக் கையாண்டவருள் முன்னோடி ஆவார். அக்காலத்தில் இந்தியாவில் வைத்தியர் கான் என்பாரும் இவ்வழியிற் சென்றார். சாந்துக்கட்டு உடலின் பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்புதலால் புண் அழுத்தத்தினின்று விடுபட்டு ஆறுகின்றது. பிராண்ட் இம்முறையைக் கைக்கொண்டு பரப்பினார். ஆறிய பாதம் மீண்டும் புண்ணாகாதவாறு மென்மையான நுண்துளை றப்பரிற் செருப்புகள் ஆக்கப்பட்டன. 1955இல் வேலூருக்கு அண்மையில் நிறுவப்பட்ட கரிகிரி ஆராய்ச்சி நிலையத்தில் இப்பணி வளர்ந்தது.

மூட்டுக் கேடுகளும் இவ்வாறே விளக்கம் பெற்றன. நரம்புணர்வு அற்ற மூட்டுகள் சிதைவதைப் பிரெஞ்சு வைத்தியர் சார்கோ 1868இலேயே வேறொரு நோயில் விவரித்திருந்தார். தொழுநோயாளரின் கணுக்காலிலும் பாதவென்புகளிலும் அத்தகைய சிதைவு காணப்பட்டது. முறிந்ததை அறியாது நடப்பதனாலேயே என்புகள் நொறுங்கின. உரிய காலத்திற் கட்டிட்டு ஓய்வளித்தால் அவை பொருந்தக்கூடியனவே.

1952இல் இலண்டனில் நிகழ்த்திய ஹண்டர் நினைவுப் பேருரையிற் பிராண்ட் கைச்சிகிச்சையின் பயன்களை உலகறியச் செய்தார். அவர்பாற் பயின்றோருள் ஏர்னஸ்ட் பிரிட்சி கரிகிரியிற் பணியைத் தொடர்ந்தார். 1954இல் மோட்டார் விபத்தில் இடுப்பின்கீழ்ச் செயலிழந்த வைத்தியர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் வேலூரிற் புனர்வாழ்வு மருத்துவத் துறைக்கு வித்திட்டார். கால் இழந்தவர் கை இழந்தவருக்குக் கை கொடுத்த அருஞ்செயல் இது. பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் நிலையத்துக்குச் சென்றார். நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்கும் வேலூரிற் கண்ட நெறியே பொருந்துமென்பதை அங்கு அவரும் அவர்தம் துணைவரும் காட்டினர். 2003இல் அவர் காலமானார்.

தொழுநோய் இன்று கூட்டுமருந்துச் சிகிச்சையால் முற்றாகக் குணமாகும் நோய். ஆயினும், சத்திரசிகிச்சை இழந்த அசைவை மீட்டதேயன்றி, இழந்த உணர்வை மீட்கவில்லை. உணர்வு காத்த கைகால்களை இனி அறிவே காத்தல் வேண்டும்; கண்ணாற் பார்த்தும், பாதத்தை நாள்தோறும் சோதித்தும், தக்க காலணி அணிந்தும் பேணுதல் வேண்டும். நீரிழிவு மலிந்த இக்காலத்தில் இப்பாடம் தொழுநோயாளருக்கு மட்டும் உரியதன்று. நோவைப் பகையெனக் கருதும் மனிதனுக்கு, அது தன் மெய்க்காவலன் என்று உணர்த்தியவர்கள், அக்காவலை இழந்து உலகத்தால் ஒதுக்கப்பட்ட அந்நோயாளரேயாவர்.