தீக்கோளத்தை அளந்த கணிதம்

1945ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் விடியற்காலை 5.29 மணிக்கு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் உலகின் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டது. 'டிரினிட்டி' என்பது அச்சோதனையின் பெயர். 30 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில் குண்டு வெடிக்க, தீக்கோளம் விரிந்த விதத்தை அதிவேகப் படக்கருவிகள் பதிவு செய்தன.

இத்தீக்கோளம் அடுப்பில் நாம் காணும் தீயன்று. குண்டிலிருந்து வெளிப்படும் எக்ஸ் கதிர்களை உட்கொள்ளும் காற்றே கடுஞ்சூடேறி ஒளிர்கிறது. பின்னர் அது விரிந்து அதிர்வலையாகப் பாய்கிறது. ஒளிரும் அலைமுகப்பு, உள்ளிருக்கும் மிகுவெப்பத்தைச் சற்றே மறைக்கிறது. முகப்பு குளிர்ந்து ஒளிபுகும் தன்மை பெற்றதும் உள்ளொளி மீண்டும் தெரிகிறது. ஆகவேதான் வளிமண்டல அணுவெடிப்பு இருமுறை மின்னுகிறது. பிற்காலத்தில் செயற்கைக்கோள்கள் அணுச்சோதனைகளைக் கண்டறிய இவ்விரட்டை மின்னலே துணைபுரிந்தது.

பிரிட்டிஷ் அறிஞர் ஜி.ஐ.டெய்லர், சஞ்சிகையில் வந்த படத்தைக் கண்டே குண்டின் இரகசியத்தை அறிந்தார் என்றொரு கதை உலவுகிறது. உண்மை அதனினும் சுவையானது. குண்டு உருவாவதற்கு முன்பே, 1941இல், அவர் இக்கணக்கைச் செய்துவிட்டார். டிரினிட்டி வெடிப்பையும் நேரில் கண்டார். ஆற்றல், காற்றின் அடர்த்தி, காலம் ஆகிய மூன்றுமே ஆரத்தைத் தீர்மானிக்கும் என்பது அவர் கருத்து. அளவுகளின் அலகுகளைப் பொருத்திப் பார்த்தாலே விடை கிட்டும்: காலம் 32 மடங்கானால் ஆரம் 4 மடங்காகும். 0.025 வினாடியில் தீக்கோளத்தின் ஆரம் ஏறத்தாழ 130 மீட்டர். இத்தகைய அளவுகளைக் கொண்டு, வெடிப்பின் ஆற்றல் சுமார் 17,000 டன் டி.என்.டி.க்குச் சமம் என்று 1950இல் வெளியிட்டார். 2021இல் வெளிவந்த மறு ஆய்வு அதனைச் சுமார் 25,000 டன் என்கிறது. எளிய கணக்கு அவ்வளவு நெருங்கியிருந்தது!

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. சுற்றுவட்டார மக்களுக்கு எவரும் முன்னறிவிப்புச் செய்யவில்லை. வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததாகவே இராணுவம் அறிவித்தது. கதிரியக்கத் துகள்கள் அவர்தம் நிலத்திலும் நீரிலும் படிந்தன. மூன்று வாரங்களில் ஹிரோஷிமா அழிந்தது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! விகிதமும் அலகும் கற்பிக்கும்போது இவ்வரலாற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். டெய்லரின் சமன்பாட்டில் ஆற்றலுக்கும் ஆரத்துக்கும் இடமுண்டு. அந்த ஆரத்துக்குள் வாழ்ந்த மனிதர்க்கு இடமில்லை. அவர்களை நினைவூட்டுவது நம் கடமை.